சத்தம் போடாத பிள்ளை

ஆடி மாதம் உடுமலைப்பேட்டையில் பேருந்தை விட்டு இறங்கினால் முதலில் முகத்தில் அடிப்பது காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுந்து வரும் அந்தக் காற்றை நம்பித்தான் ஊரைச் சுற்றிலும் காற்றாலைகள் நிற்கின்றன. அரசு மருத்துவமனையின் பிரசவ வார்டுக்குள் மட்டும் அதற்கு அனுமதி இல்லை. ஜன்னல்களைச் சாத்தி, மின்விசிறியையும் நிறுத்தி வைத்திருந்தார்கள். எனக்கு வேர்த்துக் கொட்டியது. “நமக்கு வேர்த்தாப் பரவாயில்லைங்க, புள்ளைக்குக் குளுரக் கூடாது” என்றார் பணியில் இருந்த செவிலியர். பிறந்த குழந்தையின் உடம்பில் சூட்டைக் காக்கும் கொழுப்பு குறைவு. நம்மைப் போல நடுங்கிச் சூடு உண்டாக்கவும் அதற்கு வராது. நமக்குச் சுகமாக இருக்கும் அறை அதற்குக் குளிர்.

பார்வையாளர் நேரம். கட்டிலுக்குக் கட்டில் ஒறம்பரை. பிளாஸ்க், பூப்போட்ட துண்டு, பழைய சேலையைக் கிழித்து மடித்த துணிக்கட்டு. முதல் பிரசவம் தாய்வீட்டில் என்பதால் எல்லாக் கட்டிலிலும் அதிகாரம் அம்மாயி கையில்தான். சுவர் ஓரத்துக் கட்டிலில் ஒரு குழந்தை வீல் வீலென்று கத்திக்கொண்டிருந்தது. “ராத்திரி பூராவும் இப்படித்தானுங்க. உரம் விழுந்திருக்கும். ஊட்டுக்குப் போனதும் உரம் எடுக்கோணும்” என்று அந்த அம்மாயி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்துக் கட்டிலில் இருந்தவருக்கு முகமெல்லாம் பெருமை. “எங்குளது சமத்துங்க. பொறந்ததுலிருந்து சத்தமே இல்லை. பாலுக்குக்கூட எந்திரிக்கறதில்லை, பாவம், அப்படி ஒரு தூக்கம்.”

செவிலியர் கத்துகிற குழந்தையைத் தாண்டி நேராகச் சமத்துப் பிள்ளையிடம் போனார்.

அட்டையைப் பார்த்தார். எடை 2.1 கிலோ. 36 வாரத்தில் பிறந்தது. துண்டை விலக்கிப் புறங்கையால் வயிற்றைத் தொட்டார், அடுத்து உள்ளங்காலை. என்னையும் தொடச் சொன்னார். வயிறு வெதுவெதுப்பாக இருந்தது, பாதம் ஜில்லென்றிருந்தது. வயிறும் பாதமும் ஒரே சூட்டில் இருந்தால் குழந்தை நலம். பாதம் மட்டும் குளிர்ந்தால் அது சூட்டை இழக்க ஆரம்பித்துவிட்டது. இரண்டுமே குளிர்ந்துவிட்டால் ஆபத்து. தெர்மாமீட்டர் இல்லாத வீட்டிலும் இந்தச் சோதனையைச் செய்துவிடலாம். பாதத்தைச் சுண்டினார். குழந்தை லேசாக முகத்தைச் சுளித்துவிட்டு மறுபடி தூங்கிவிட்டது.

“இதுக்குப் பசின்னு அழறதுக்குத் தெம்பு இல்லைங்க. அதைப் போயிச் சமத்துங்கறாங்க” என்றார் என்னிடம், தாழ்ந்த குரலில். 2.5 கிலோவுக்குக் குறைந்த எடையிலும், 37 வாரத்துக்கு முன்பும் பிறக்கிற குழந்தைகளுக்குச் சர்க்கரையின் சேமிப்பு கொஞ்சம்தான். பால் இறங்காவிட்டால் ரத்தத்தில் சர்க்கரை குறையும். குறைந்தால் இன்னும் சோர்வு. சோர்ந்தால் பால் குடிக்காது. இந்தச் சுழலில் சத்தம் என்பதே கிடையாது. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பது நம் பழமொழி. இந்த வார்டில் அழாத பிள்ளையை எழுப்பித்தான் முதலில் பால் கொடுக்கிறார்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, தூங்கினாலும் எழுப்பி. உறிஞ்ச வலு இல்லாவிட்டால் தாய்ப்பாலைக் கறந்து பாலாடையில். புட்டிப்பாலும் நிப்பிளும் வந்து இத்தனை காலம் ஆன பிறகும் குழந்தை மருத்துவர்கள் நம் பாட்டிமார்களின் பாலாடையை விடவில்லை.

அந்தத் தாயின் நைட்டியைத் தளர்த்தி, குழந்தையை டயப்பரும் தொப்பியும் மட்டும் போட்டு, மார்புக்கு நடுவில் தவளை மாதிரி நிமிர்த்திப் படுக்க வைத்து, மேலே சேலையால் கட்டிவிட்டார்கள். கங்காரு முறை என்று சொல்லுவது இதைத்தான். கொலம்பியாவின் பொகோட்டா நகரில் இன்குபேட்டர் போதாமல், ஒரே பெட்டியில் இரண்டு மூன்று குழந்தைகள் கிடந்த மருத்துவமனையில், 1978-ல் எட்கர் ரே என்ற மருத்துவர் தாயின் மார்பையே பெட்டியாக்கினார். பெட்டி இல்லாத ஏழை நாட்டின் சமாளிப்பு என்றுதான் பலகாலம் இதை நினைத்தார்கள். இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் உலக சுகாதார நிறுவனம் நடத்திய ஆய்வு 2021-ல் வெளியானபோது அந்த எண்ணம் போயிற்று. 1.8 கிலோவுக்குக் குறைந்த குழந்தைகளை, நிலைமை சீராகட்டும் என்று காத்திராமல், பிறந்தவுடனேயே தாயின் மார்பில் போட்டபோது முதல் 28 நாள் மரணம் நான்கில் ஒரு பங்கு குறைந்தது. பெட்டி வைத்திருக்கிற மருத்துவமனைகளில் கிடைத்த முடிவு அது.

தாய் களைத்துவிட்டால் அம்மாயி போட்டுக்கொள்ளலாம், அப்பாவும் போட்டுக்கொள்ளலாம். வாசலில் நின்ற மாப்பிள்ளையைக் கூப்பிட்டார் செவிலியர். சட்டைப் பொத்தானைக் கழற்றச் சொன்னதும் மாமியார் முன்னால் அவர் பட்ட பாட்டைப் பார்த்திருக்க வேண்டும். ஆனால் மறுக்கவில்லை. கால் மணி நேரத்தில் இரண்டு பேரும் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள், ஒருவர் மார்பில் ஒருவர்.

கத்துகிற பிள்ளையை அதன்பிறகுதான் பார்த்தார். நாக்கு ஈரமாக இருந்தது. சிறுநீர் போயிருந்தது. மார்பில் வைத்ததும் இழுத்துக் குடித்தது. “இது நல்லா இருக்குதுங்கம்மா. கத்தட்டும். உரமும் கிரமும் எடுக்க வேண்டாம்” என்று முடித்துவிட்டார். அம்மாயிக்குத் திருப்தி இல்லை. சேலையில் போட்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருட்டினால் குழந்தை அழுகையை நிறுத்தும் என்பது அவர் கண்ணால் கண்டது. எந்தக் குழந்தையும் ஒரு கட்டத்தில் அழுகையை நிறுத்தத்தான் செய்யும். கழுத்து நிற்காத குழந்தையை உருட்டிக் குலுக்கினால் தலைக்குள் ரத்தக் கசிவு ஏற்படக்கூடும் என்பது அவர் கண்ணுக்குத் தெரியாதது.

வார்டைச் சுற்றி வந்ததில் ஒன்று புரிந்தது. வீட்டார் கேட்கிற கேள்விகளில் பெரும்பாலானவை பயப்படத் தேவையில்லாதவை. அடிக்கடி தும்முகிறது, விக்குகிறது, குடித்த பாலைக் கொஞ்சம் கக்குகிறது: எதுவும் நோய் இல்லை. இரண்டாம் நாள் உடம்பெல்லாம் சிவப்புப் பொரி. செவ்வாப்பு என்று மருந்து தேடுவார்கள், தானாக மறையும். மூக்கின் மேல் வெள்ளைப் புள்ளி, முதுகுக்குக் கீழே நீலத் திட்டு, இவையும் அப்படியே. ஆண் குழந்தைக்கும் பெண் குழந்தைக்கும் மார்பு வீங்கிப் பால்போலக் கசிவதும், பெண் குழந்தைக்கு நான்கைந்து சொட்டு ரத்தம் படுவதும் தாயின் ஹார்மோன் இறங்குவதால் வருபவை. மார்பைப் பிதுக்கினால்தான் சீழ் கட்டும். முதல் சில நாட்களில் எடை பத்தில் ஒரு பங்குவரை குறைந்து, இரண்டு வாரத்துக்குள் பழைய எடைக்கு வந்துவிடும். முதல் மலம் 24 மணி நேரத்திலும் முதல் சிறுநீர் 48 மணி நேரத்திலும் வராவிட்டால்தான் கேட்க வேண்டும். அதைக் கேட்டவர் அந்த வார்டில் ஒருவரும் இல்லை.

மஞ்சள் காமாலைக்கு மட்டும் தனியாக நேரம் ஒதுக்க வேண்டும். நிறைமாதக் குழந்தைகளில் 100-க்கு சுமார் 60 பேருக்கு அது வரும். இரண்டாம் மூன்றாம் நாள் முகத்தில் தொடங்கி, நான்காம் ஐந்தாம் நாள் ஏறி, இரண்டு வாரத்துக்குள் வடிந்துவிடும். முகம், மார்பு, வயிறு, கால் என்று மேலிருந்து கீழே இறங்கும். விரலால் தோலை அழுத்தி எடுத்து, எதுவரை மஞ்சள் தெரிகிறது என்று பகல் வெளிச்சத்தில் பார்க்கிறார்கள். உள்ளங்கை, உள்ளங்கால் மஞ்சளாகிவிட்டால் உடனே ரத்தப் பரிசோதனை. பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தாலும் அப்படித்தான். தாய் ஓ குரூப்பாகவோ நெகட்டிவ் குரூப்பாகவோ இருந்தால் இன்னும் கவனம். அளவு மீறிய பிலிருபின் மூளையில் படிந்தால் செவிப்புலனும் கைகால் இயக்கமும் நிரந்தரமாகப் பாதிக்கப்படும். அப்படிப் படியத் தொடங்கும்போது முதல் அறிகுறி குழந்தை மந்தமாகிப் பால் மறப்பது. இதிலும் ஆர்ப்பாட்டம் இல்லை.

நகரில் ஒரு குழந்தை மருத்துவரின் சிகிச்சை அறையில் நீல விளக்கின் கீழ் கண்ணைக் கட்டிக்கொண்டு ஒரு குழந்தை கிடந்தது. வெளியே அதன் தாத்தா, “காலை வெயில்ல காட்டினாப் போதாதுங்களா? எங்க காலத்துல அப்படித்தானுங்களே” என்றார். அவர் சொல்வதில் ஒரு வரலாற்று உண்மை உண்டு. 1950-களில் இங்கிலாந்தின் ராச்ஃபோர்டு மருத்துவமனையில் ஜீன் வார்டு என்ற செவிலியர் குறைமாதக் குழந்தைகளை முற்றத்து வெயிலுக்குத் தூக்கிப் போவார். வெயில் பட்ட தோல் வெளுத்து, துணி மூடிய இடம் மட்டும் மஞ்சளாக நின்றதை மருத்துவர்களுக்குக் காட்டியவர் அவர். அதிலிருந்துதான் 1958-ல் ஒளிச் சிகிச்சை ஆய்விதழுக்கு வந்தது. ஆனால் பிலிருபினை உடைப்பது வெயிலின் சூடு இல்லை, அதிலுள்ள நீல ஒளி. அது போதிய அளவு கிடைக்க உடம்பு முழுவதையும் திறந்து மணிக்கணக்கில் காட்ட வேண்டும். உடுமலைக் காற்றில் அப்படிக் காட்டினால் மஞ்சள் குறைகிறதோ இல்லையோ, உடம்பு சில்லிட்டுப்போகும்.

அங்கேயே மருத்துவர் இன்னொன்றும் சொன்னார். இரண்டு வாரம் தாண்டியும் மஞ்சள் போகவில்லை, மலம் சுண்ணாம்புபோல் வெளுத்திருக்கிறது, சிறுநீர் துணியில் மஞ்சள் கறை விடுகிறது என்றால் பித்தக்குழாய் அடைப்பாக இருக்கலாம். அறுவை சிகிச்சை 60 நாளுக்குள் நடந்தால்தான் பலன் அதிகம். மஞ்சளும் போகவில்லை, மலச்சிக்கலும் இருக்கிறது, குரல் கரகரப்பு, எந்நேரமும் தூக்கம் என்றால் தைராய்டு சுரப்பு இல்லாமல் பிறந்த குழந்தையாக இருக்கலாம். “ரொம்ப நல்ல பிள்ளை, தொந்தரவே இல்லைன்னு சொல்லிட்டு மூணு மாசம் கழிச்சுக் கொண்டு வருவாங்க” என்றார். முதல் இரண்டு வாரத்தில் கண்டுபிடித்தால் தினமும் ஒரு சின்ன மாத்திரை போதும், குழந்தை மற்றவர்களைப் போலவே வளரும். தாமதமானால் அறிவு வளர்ச்சி குன்றும். குதிகாலில் குத்தி எடுக்கிற சில சொட்டு ரத்தத்தில் தெரிந்துவிடுகிற விஷயம் இது. எல்லாப் பிரசவ மருத்துவமனையிலும் கட்டாயமாக்க வேண்டிய பரிசோதனை என்பேன்.

கடைவீதியில் ஒரு நாட்டு மருந்துக் கடைக்குள் நுழைந்தேன். உரைமருந்து என்று கேட்டதுமே வசம்பு, ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காய், சுக்கு எல்லாம் சேர்த்துக் கட்டிய பொட்டலம் வந்துவிட்டது. “எங்கம்மா எனக்கு ஒரசி ஊத்துனதுதானுங்க இது” என்றார் கடைக்காரர். பிள்ளை பெற்றவளுக்கான பத்தியக் குழம்பின் மேல் எனக்கு எந்தப் புகாரும் இல்லை, பூண்டு போட்டால் ஒரு கரண்டி எனக்கும் வேண்டும். குழந்தையின் வாய்க்குள் போவதுதான் சிக்கல். முதல் ஆறு மாதம் தாய்ப்பாலைத் தவிர எதுவும் தேவை இல்லை என்பதில் தண்ணீரும் அடக்கம். உரசுகிற கல்லிலும் விரலிலும் இருக்கிற கிருமி நேராகக் குடலுக்குப் போகும். சேனை வைக்கிற தேனில் பாட்டுலிசம் கிருமியின் விதை இருக்கலாம். ஒரு வயதுக்குக் கீழே அது குடலில் முளைத்து நச்சு சுரந்தால் மலச்சிக்கல், மெலிந்த அழுகை, துவண்ட கழுத்து என்று வரும். தெருவில் கழுதையை ஓட்டி வந்து பாலாடைக் கணக்கில் பச்சைப் பால் விற்கிறார்களே, அதுவும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

அதே கடையில் கற்பூரமும் பாச்சை உருண்டையும் பக்கத்துப் பக்கத்து டப்பாக்களில் இருந்தன. கற்பூரத்தைத் தேங்காயெண்ணெயில் காய்ச்சிச் சளிக்கு நெஞ்சில் தடவுவது இந்தத் தென்னந்தோப்பு நாட்டில் எல்லா வீட்டிலும் நடப்பது. பச்சைக் குழந்தையின் மெல்லிய தோல் வழியே உள்ளே போகிற கற்பூரம் வலிப்பை வரவழைக்கும். பாச்சை உருண்டையின் கதை இன்னும் நூதனம். பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி கூடாது என்று பெட்டியிலிருந்து பழந்துணி எடுப்பார்கள். பெட்டியில் உருண்டை. ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைக்கு அந்த நாப்தலீன் ஆவியே ரத்தச் சிவப்பணுக்களை உடைத்து மஞ்சள் காமாலையை எகிறச் செய்யும். பழந்துணி நல்லதுதான், மெத்தென்று இருக்கும். துவைத்து வெயிலில் நன்றாகக் காய வைத்த துணியாக இருக்கட்டும்.

மறுநாள் தளி சாலைப் பக்கம் ஒரு கிராமத்துக்கு, சுகாதார செவிலியரின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போனேன். ஊரில் அவருக்கு நர்சம்மா என்று பெயர். 14-ம் நாள் பார்வை. மருத்துவமனையில் பிறந்த குழந்தையை 3, 7, 14, 21, 28, 42-ம் நாட்களில் வீட்டுக்கே போய்ப் பார்ப்பது தேசிய அளவிலான ஏற்பாடு. இதன் வேர் மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் இருக்கிறது. அங்கே அபய் பங், ராணி பங் என்ற மருத்துவத் தம்பதி 39 கிராமங்களில் உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். அவர்களிடம் கேட்டது பெரிய படிப்பு இல்லை: அழுகை மெலிந்துவிட்டதா, பால் உறிஞ்சுவது குறைந்ததா, கை கால் துவண்டதா, உடம்பு சில்லிட்டதா என்று பார்க்கத் தெரிய வேண்டும். கிருமி ரத்தத்தில் கலந்தால் பெரியவர்களுக்குக் காய்ச்சல் கொதிக்கும், பிறந்த குழந்தைக்குப் பல சமயம் உடம்பு குளிர்ந்து போகும். அந்த அமைதியைப் படிக்கக் கற்ற பெண்களால் பச்சிளம் குழந்தை மரணம் 62 சதவீதம் குறைந்தது என்று 1999-ல் லான்செட் இதழில் எழுதினார்கள்.

நர்சம்மா முதலில் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கைகழுவினார், என்னையும் கழுவ வைத்தார். தொங்கு தராசில் துணியோடு குழந்தையை மாட்டினார்: பிறந்தபோது 2.8, இப்போது 2.95. தொப்புள்கொடி விழுந்து காய்ந்திருந்தது. “ஒண்ணும் வைக்கலையே?” என்றார். சாம்பல், மஞ்சள், பவுடர் எதுவும் வைக்கவில்லை என்று தாய் தலையாட்டினாள். அம்மாயி தலையாட்டவில்லை. அவருக்கு வேறு கவலை. “மூக்குல கர்ரு கர்ருன்னு சத்தம் வருதுங்க. சளி கட்டீருச்சு. பக்கத்தூர்ல தொக்கம் எடுக்கறவங்க இருக்காங்க, பொழுதோட கூட்டிட்டுப் போலாம்னு…”

நர்சம்மா பதில் சொல்லாமல் என் செல்போனை வாங்கி ஒரு நிமிடக் கடிகாரம் ஓடவிட்டு, “நீங்களே வயித்தைப் பார்த்து எண்ணுங்க” என்றார். வயிறு ஏறி இறங்குவதை எண்ணினேன். சில நொடி வேகம், சில நொடி நிறுத்தம், மறுபடி வேகம். அதனால்தான் முழு நிமிடம் எண்ண வேண்டும். 44 வந்தது. 60-ஐத் தொட்டாலோ, விலா எலும்புக்குக் கீழே சதை உள்வாங்கினாலோதான் நிமோனியாவாக இருக்கக்கூடும். சத்தம் வருவது குறுகலான மூக்குத் துவாரத்திலிருந்து. மருத்துவர் எழுதித் தரும் உப்புநீர் சொட்டு போதும். எண்ணெய் விட்டால் அது நுரையீரலுக்குள் இறங்கும். தொக்கம் எடுக்கிறேன் என்று வாயை வைத்து ஊதினாலும் உறிஞ்சினாலும் ஊதுகிறவர் வாயிலுள்ளது குழந்தைக்குப் போகும். “சத்தம் வந்தா நான் பயப்படறதில்லைங்கம்மா. சத்தம் நின்னா என்னைக் கூப்பிடுங்க, நடுராத்திரியானாலும்” என்றார். அம்மாயி தொக்கத்தை விட்டாரா என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. நம்பரை மட்டும் பேரனின் நோட்டில் எழுதி வாங்கிக்கொண்டார்.

அந்த வீட்டு வாசலில் நின்றால் தெற்கே திருமூர்த்தி மலை. அதற்கு மேலே குருமலை, குழிப்பட்டி, மாவடப்பு என்று மலைக்குடியிருப்புகள். அங்கிருந்து கர்ப்பிணிகளைத் தொட்டில் கட்டிக் காட்டுப் பாதையில் சுமந்து அடிவாரத்துக்கும், பிறகு எரிசனம்பட்டி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் கொண்டுவந்த செய்திகளைப் பத்திரிகைகளில் பலமுறை படித்திருப்பீர்கள். பாதை வேண்டும் என்பது அந்த மக்களின் நெடுநாள் கோரிக்கை. மேலே ஒரு குழந்தை பால் மறந்தால் கீழே வர மணிக்கணக்கு ஆகும். கீழே, உடுமலை நகருக்குள், 108 வந்து நிற்க அத்தனை நேரம் தேவையில்லை. ஆனாலும் “விடியட்டும், பார்க்கலாம்” என்று சொல்வது கீழே இருக்கிற நாம்தான். 2020-ம் ஆண்டு மாதிரிப் பதிவுக் கணக்கின்படி நாட்டில் ஆயிரம் குழந்தைகளுக்கு 28 குழந்தைகள் முதல் பிறந்தநாளைக் காணவில்லை, தமிழ்நாட்டில் 13. அந்த மரணங்களில் பெரும்பகுதி முதல் 28 நாளுக்குள் நடப்பவை.

அடுத்த முறை பிள்ளை பார்க்கப் போகும்போது யார் சாயல் என்று கேட்பதோடு நிறுத்திவிடாதீர்கள். பால் இழுத்துக் குடிக்கிறதா, நாளைக்கு ஆறு தடவையாவது சிறுநீர் போகிறதா என்றும் கேளுங்கள். பாதத்தைத் தொடுவதானால் முதலில் கையைக் கழுவுங்கள். அடுத்தடுத்து இரண்டு வேளை பால் குடிக்காமல் தூங்குகிறது என்று அந்த வீட்டில் யாராவது சொன்னால் விடியும்வரை காத்திருக்க விடாதீர்கள். 108-க்குக் கட்டணம் கிடையாது.